பூஜைக்குக் காத்திருந்த பெட்டி

என்னங்க, எங்கே இருந்தாலும் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

வீட்டுக் கணக்கு எழுதுகிறவளின் பழக்கம், வந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று மண்ணூர் ஷெட்டில் ஆயுத பூஜைக்கு முதலாளி, முதலாளியம்மா, சூப்பர்வைசர், ஐயர், உங்களோடு லேத்தில் நின்ற ஏழுமலை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டதால், வாசல் ஓரமாக நான்.

மோட்டாருக்கு ஒரே வேகம்தான் தெரியும் என்பீர்கள். லேத்தின் வேகத்தை மாற்ற, பெல்ட்டை ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ள வேண்டும். முதலாளி வாங்கிய புதுப் பெட்டியோ மோட்டாருக்குப் போகிற கரண்டின் துடிப்பையே கூட்டிக் குறைக்குமாம். குமிழைத் திருகினால் போதும், பெல்ட்டில் கை வைக்க வேண்டாம்.

அது ஆடியில் வந்து இறங்கியது. "ஆடியில புதுசு பிரிக்கக் கூடாது" என்றார் முதலாளியம்மா. ஆடி முடிந்ததும், "இன்னா அவசரம், ஆயுத பூஜைக்கே பிரிக்கலாம்" என்றார் முதலாளி. ஆடிப்பூரத்தில் தாயார் அவதரித்த மாதத்தில் ஒரு பெட்டியைப் பிரிக்கக் கூடாதா? பெட்டி மஞ்சள் குங்குமத்தோடு மூலையில் இருந்தது. ஆவணியில் ஓடுகிற பெல்ட் உங்களை இழுத்துக்கொண்டது.

நேற்றுதான் பெட்டியைப் பிரித்து மாட்டினார்கள். எட்டிப் பார்த்தேன். "அப்பால போய் நில்லும்மா, மொத மொத ஓட்டறோம்" என்றார் முதலாளியம்மா. முதலாளி குமிழைத் திருகினார். லேத் மெதுவாகச் சுற்றி, பிறகு வேகமெடுத்தது.

"பாத்தியா ஏழுமல, இனிமே கைக்கு வேலையே இல்ல" என்று பொரியை மென்றபடி சிரித்தார் சூப்பர்வைசர்.

முதலாளி என்னிடம் வந்தார். "திங்கக்கெழம ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரிக்க வர்றாரு. மெஷின நிறுத்தாம உம் புருஷனாதான் கைய வுட்டான்னு சொல்லிடு. மறுநாளே பெருக்குற வேல உனக்குத்தான்."

"நிறுத்துனா புரொடக்‌ஷன் போச்சுன்னு கத்துனது யாருங்க?" என்றேன். நீங்கள் வீட்டில் வந்து சொன்னதுதானே.

"யாரு கத்துனா? இன்னாடா ஏழுமல, உன் காதுல வுழுந்துச்சா?"

ஏழுமலை கையிலிருந்த பொரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பஸ் நிறுத்தம் வரை என் பின்னாலேயே வந்தான்.

"அண்ணி, அன்னிக்கும் மொதலாளி கத்துனாரு. பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். ஆனா எம் பேர இழுக்காதீங்க. சம்சாரம் மாசமா கீது."

அவன் சாட்சி இல்லாமல் என் பேச்சை யார் நம்புவார்கள்? அவனை இழுத்தால் அவன் வேலை போகும்.

உங்கள் கவனக்குறைவு என்று என் வாயால் வராது. பெருக்குகிற வேலை வேறு யாருக்காவது போகட்டும். பெருமாள்மேல் சத்தியம். ஆனால் ஏழுமலை பேரைச் சொல்லட்டுமா, வேண்டாமா? கனவிலாவது வாருங்கள். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

இன்றும் உங்கள் மனைவி,
கோமளம்