முப்பதாவது ஸ்கேன்

மார்ச் 3, செவ்வாய்

நினைவாற்றல் ஆய்வுக்கு நோய்நொடி இல்லாத முப்பது பேர் வேண்டும். இதுவரை ஸ்கேன் எடுத்தது இருபத்தொன்பது. கடைசி ஆள் இன்றும் வரவில்லை. ஐந்து வருடமாக இதே ஆராய்ச்சி. என் மூளையை ஸ்கேன் எடுத்தால் கொட்டாவிதான் தெரியும்.

மார்ச் 5, வியாழன்

தம்பியைக் கெஞ்சி வரவழைத்தேன். கடைக்கு அரைநாள் லீவு போட்டு வந்தான். "எனக்கு மூளை இருக்குன்னு வீட்ல யாரும் நம்பல. நீயாவது படம் புடிச்சுக் காட்டு."

திரையில், மூளையின் வலது பக்கம், மண்டையோட்டை ஒட்டி, எலுமிச்சை அளவில் ஒரு வெள்ளை உருண்டை.

இயந்திரக் கோளாறு என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன். மறுபடி எடுத்தேன். அங்கேயே இருந்தது.

வெளியே வந்து, "எல்லாம் ஓகேவா?" என்றான்.

"படம் தெளிவா வந்திருக்கு" என்றேன். பொய் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

பேராசிரியர் வெகுநேரம் பார்த்தார். "நாம டாக்டர் இல்லம்மா. ஸ்கேன் டாக்டர் பார்த்துச் சொல்ற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது."

சம்மதப் படிவத்தில் அந்த விதியைத் தட்டச்சு செய்ததே நான்தான். டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார்.

மார்ச் 7, சனி

சாப்பிடும்போது, "படம் எங்கக்கா?" என்றான். பிரிண்டர் ரிப்பேர் என்றேன். இது பொய்.

மார்ச் 8, ஞாயிறு

அவன் தலையைச் சொறிந்தால்கூடப் பக்கென்கிறது.

மார்ச் 9, திங்கள்

மூளையின் மேலுறையில் கட்டி. மெதுவாக வளர்வது, எடுத்துவிடலாம்; விட்டால் கை கால் இழுத்துக்கொள்ளலாம் என்று டாக்டரே அவனிடம் சொன்னார். தம்பி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"வியாழக்கிழமையே."

"நாலு நாளா என்கூட உக்காந்து சாப்ட்டிருக்க."

விதி, படிவம் என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமா இருந்துச்சு. நான் முந்திக்கொண்டு சொல்லி, அது ஒன்றுமில்லை என்றாகியிருந்தால்? தெரியல. எதுவும் தெரியல.

மார்ச் 14, சனி

பேசுவதில்லை. நான் உள்ளே போனால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறான்.

மார்ச் 19, வியாழன்

தம்பியின் ஆய்வு எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். நோயற்றவர்கள் மறுபடி இருபத்தொன்பது. பேராசிரியர் கெடுவை நீட்டித்தார். "கொஞ்ச நாள் வீட்ல இரும்மா" என்றார். வீட்டில் இருப்பதுதான் கஷ்டம் என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

மார்ச் 24, செவ்வாய்

அறுவை சிகிச்சை ஐந்து மணி நேரம். அம்மா என் கையை விடவே இல்லை. கட்டி முழுசாக வந்துவிட்டதாம்.

மார்ச் 25, புதன்

காலையில் அறுவை சிகிச்சை செய்த டாக்டர் அவனைச் சோதித்தார். பெயர் சொல்லு, கையைத் தூக்கு. பிறகு என்னைக் காட்டி, "இவங்க யாரு?"

தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். மறதியைப் பற்றி ஐந்து வருடம் படித்ததெல்லாம் ஒரே நேரத்தில் என் தலைக்குள் ஓடியது.

"எங்கக்கா." நாக்கு லேசாகக் குழறியது. "அவகிட்ட எதுவும் கேக்காதீங்க டாக்டர். தெரிஞ்சாலும் சொல்ல மாட்டா."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டான். ஸ்பூனால் கொடுத்தேன். குடித்தான்.