எதிர்த் தட்டில் உன் வெல்லம்

நேற்று உடுத்தியிருந்த அரக்குச் சேலையில் வெல்ல வாசனை இன்னும் போகவில்லை. காலையில் துவைக்கலாமென்று வாளியில் போடப் போனேன். வாசனை மூக்குக்கு எட்டியதும் கை நின்றுவிட்டது. அப்படியே மடித்து நாற்காலியில் வைத்து, விளக்கேற்றிவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்தேன். எட்டாவதோடு நின்றவள் நான். கோயில் வாசலில் வாங்கிய பக்திப் புத்தகங்களைப் படித்துப் படித்துத்தான் எழுத்து கைக்கு வந்தது. அதனால் என் மடலில் கொஞ்சம் விபூதி வாசனையும் அடிக்கும். நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

உன் வேண்டுதலை நேற்று முடித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இது.

நீ எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்ததே உன் வீட்டுக்காரர் பர்மனென்ட் ஆன பிறகுதான். சுரங்கத்தில் கான்ட்ராக்டாகவே தலை நரைத்தவர். சாமான் இறக்கிய மறுநாள், கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாய்.

"அக்கா, ஒரு வேண்டுதல் நிக்குது. அவருக்கு பர்மனென்ட் ஆச்சுன்னா எடைக்கு எடை வெல்லம் குடுக்கறன்னு சிவன் கோயில்ல வேண்டிகினன். இப்ப ஆயிடுச்சி. எப்டி உக்கார்றது?"

"தராசுல ஏறி உக்காந்துக்க வேண்டியதுதானே."

"என்னப் பாத்துட்டுக் கேக்கறியா, பாக்காம கேக்கறியா?"

பார்த்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. கண்ணாடியில் பார்த்த மாதிரிதான் இருந்தது. நம் கோயிலில் துலாபாரம் என்றால் கூட்டம் கூடிவிடும். ஒரு தட்டில் ஆள் உட்கார, மறு தட்டில் வெல்லம் ஏற ஏற, இன்னும் வை, இன்னும் வை என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். குழந்தையை உட்கார வைத்தால் அது அழகு. நம்மைப் போன்றவர்கள் உட்கார்ந்தால் அன்று சாயங்காலத்துக்குள் எல்லா பிளாக்குக்கும் சேதி போய்விடும்.

"கொஞ்சம் கொறைச்சிட்டு உக்காந்துடலாம்க்கா" என்றாய். குருக்களிடமே போய்க் கேட்டாய், வேண்டிக்கொண்ட நாளின் எடையா, உட்காரும் நாளின் எடையா என்று. "உக்காரும்போது என்ன காட்டுதோ அதாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் தீபாராதனைக்குப் போய்விட்டார். அன்று உனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். சாமியே சலுகை கொடுத்துவிட்டது போலக் குதித்தாய்.

எடை பார்க்க மருந்துக் கடைக்குப் போனால் தெரிந்தவர்கள் இருப்பார்களென்று, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய பேப்பர் கடைக்குக் கூட்டிப்போனாய். சாக்குமூட்டை வைக்கிற தராசில் முதலில் நீ ஏறினாய், பிறகு நான். இரண்டு பேருக்கும் ஒரே எண். அதை இங்கே எழுதமாட்டேன், உனக்குத் தெரியும். கடைக்காரர் பார்த்துவிட்டுக் கேட்டார், "இரும்பு ரேட்டுல போடட்டுமா, பேப்பர் ரேட்டுல போடட்டுமாக்கா?" நீ அவரை விடவில்லை. "பித்தளை ரேட்டு குடு, என்னையே தூக்கிக் குடுத்துட்டுப் போறன்."

மறுநாள் காலையில் நடக்க ஆரம்பித்தோம். முதல் ஷிப்ட் பஸ் போகும்போது நாம் சாலைத் திருப்பத்தில் இருப்போம். ஜன்னலோரத்து ஆட்கள் நம்மைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். நீ கையை ஆட்டி, "நல்லாப் பாத்துக்குங்க, அடுத்த வருசம் பாதிதான் இருப்பம்" என்பாய். நான் கூச்சத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன்.

என்னென்ன செய்தோம். கொள்ளுத் தண்ணீர் குடித்தோம். ராத்திரிச் சோற்றை நிறுத்தினோம். என் மகள் சென்னையிலிருந்து அனுப்பிய ஓட்ஸை நீ ஒரு வாய் வைத்துவிட்டு, "இத மாட்டுக்கு வச்சா அது நம்மள முட்டும்" என்று வைத்துவிட்டாய். பிரதோஷம், கிருத்திகை என்று எல்லா விரதத்தையும் பிடித்துக்கொண்டோம். புண்ணியத்துக்குப் புண்ணியம், எடைக்கும் ஆச்சு என்று. பகலெல்லாம் பட்டினி கிடந்து, விரதம் முடிக்கும்போது ஜவ்வரிசிப் பாயசத்தை டம்ளர் டம்ளராகக் குடித்தவர்கள் நாம்தான். மார்கழியில் நடை முடிவது கோயிலில். தொன்னையில் பொங்கல் கொடுத்தால் வேண்டாமென்று எப்படிச் சொல்வது. "பிரசாதம் ஒடம்புல ஒட்டாதுக்கா" என்று நீ சொல்வாய். பலாக் காலத்தில் காடாம்புலியூரில் இருந்து உன் அண்ணன் பழம் கொண்டுவந்து போடுவார். அதுவும் ஒட்டாது என்றுதான் சொன்னாய்.

பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதும் பக்கத்திலேயே ஒரு ஓரத்தில் நம் எடையையும் எழுதிவந்தேன். எல்லாக் கணக்கையும் எப்படியாவது நேர்செய்துவிடுவேன். அந்த ஓரம் மட்டும் நேராகவே இல்லை. ஒரு மாதம் கொஞ்சம் இறங்கும். ஒரு கல்யாணம் வரும், ஏறிவிடும். நான் சோர்ந்து உட்கார்ந்தால் நீ வாசலில் வந்து நிற்பாய். "ஏந்துருக்கா. நீ வரலன்னா நானும் வூட்டுல படுத்துக்குவன். அப்பறம் சாமி கணக்கு உன் தலையிலதான்."

பிறகு உனக்குக் குறைய ஆரம்பித்தது.

முதலில் ரவிக்கை தொளதொளத்தது. பிறகு வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. முகம் சிறுத்து, கழுத்தெலும்பு தெரிய, நீ வேறு யாரோ போல ஆனாய். தெருவே கொண்டாடியது. "இன்னா சாப்புடற, சொல்லேன்" என்று குழாயடியில் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "நடையும் கொள்ளும்தான், அக்காவக் கேளுங்க" என்று என்னைக் காட்டினாய். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். அதே கொள்ளு, அதே நடை, அதே நான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். சாமி உனக்காகக் கண்ணைத் திறந்துவிட்டார் என்றே நினைத்தேன். பசியே எடுக்கவில்லை என்று நீ சொன்னபோது, கொடுத்து வைத்தவள் என்று நினைத்தேன்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை துலாபாரத்தில் உட்கார்ந்தாய். பச்சைப் பட்டு. வாங்கிவந்த வெல்லத்தில் பாதி மூட்டை மிஞ்சியது. கூட்டம் இன்னும் வை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் உன் தட்டு மேலே எழுந்துவிட்டது. மேலிருந்தபடி என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தாய். ஊஞ்சலில் ஏறிய பெண் மாதிரி இருந்தாய்.

கோடை வருவதற்குள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வயிற்றில் கட்டி. எப்போதிருந்தோ இருந்திருக்கிறது. உன்னைக் குறைத்தது நடையும் இல்லை, கொள்ளும் இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன்னைப் பார்க்க என்னால் முடியவில்லை. போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. வலியைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. சாமியைப் பற்றித்தான் பேசினாய்.

"அவருக்குச் சேர வேண்டியதக் கொறைச்சிட்டுக் குடுத்துட்டன்க்கா. அதான்."

"அப்படியெல்லாம் இல்ல. குருக்களே சொல்லிட்டாரே, உக்காரும்போது என்ன காட்டுதோ அதுன்னு."

"அவரு சொல்லுவாரு. வேண்டிகினது அந்த ஒடம்புதான, இந்த ஒடம்பு இல்லியே." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, என் கையைப் பிடித்து எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தாய். "என் பழைய எடைக்கு நீதான் சரியா இருப்ப. எனக்காக ஒருவாட்டி உக்காந்துடுக்கா. அதுவரைக்கும் கொறைச்சிடாத."

சரி என்றேன். வேறு என்ன சொல்வேன். கடைசியாக உன் முகத்தில் நான் பார்த்த சிரிப்பு அதுதான்.

நீ இருக்கும்போதே முடித்துவிடலாமென்று கோயிலுக்கு ஓடினேன். திருப்பணிக்காகப் பாலாலயம் செய்து, சன்னிதியை மூடி, தராசையும் கழற்றி வைத்துவிட்டார்கள். கும்பாபிஷேகம் ஆகட்டும், பிறகு வாங்கம்மா என்றார் குருக்கள். அதற்கு நீ காத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு என் கதையைக் கேள். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன என்றார் டாக்டரம்மா. சர்க்கரையும் வந்துவிட்டது. "எடையக் குறைக்கலன்னா நான் மாத்திரைய ஏத்திக்கிட்டேதான் போகணும்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மனதுக்குள் உன் வாக்கு இருந்தது. ஒரு மாதம் தற்செயலாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் சபாஷ் என்றார். எனக்கோ உன் கழுத்தெலும்புதான் கண்ணுக்குள் வந்து நின்றது. வீட்டுக்கு வந்து பழைய சோற்றைத் தயிர்விட்டுப் பிசைந்து, பயம் போகும்வரை சாப்பிட்டேன்.

மகள் போனில் விடவில்லை. "வாக்குன்னு சொல்றது சாக்கும்மா. அந்த ஆன்ட்டி இருந்திருந்தா நாளைக்கே நடன்னு சொல்லியிருப்பாங்க." இருக்கலாம். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்துப் போயிருந்தது என்பதுதான் நிஜம். இத்தனை வருஷம் குறையாத உடம்புக்கு முதல்முறையாக ஒரு வேலை கிடைத்திருந்தது. கண்ணாடியில் பார்க்கும்போது, இது என்னுடையது இல்லை, அவளுக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

போன வாரம் கும்பாபிஷேகம் முடிந்தது. தராசைத் துலக்கி மாட்டிவிட்டார்கள். உன் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் இப்போது கோயில் பக்கமே வருவதில்லை, தெரியுமா. "எனக்கு இதுல ஒண்ணும் நம்பிக்கை இல்லக்கா. அவ சொன்னா, செஞ்சிடுவம்" என்றார். நேற்று முதல் ஷிப்ட் முடிந்து, யூனிபாரத்தைக்கூட மாற்றாமல், உருண்டை வெல்ல மூட்டையோடு வந்து நின்றார். பேப்பர் கடையில் நாம் பார்த்த எடையை அவரிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாய். வெல்லத்தை அதே எண்ணுக்கு நிறுத்து வாங்கியிருந்தார்.

தட்டில் உட்கார்ந்தேன். கூட்டம் இருந்தது. நீயும் நானும் இத்தனை வருஷம் பயந்த அதே கூட்டம். குருக்கள் உன் பெயரும் நட்சத்திரமும் சொல்லிச் சங்கற்பம் செய்தார். உன் வீட்டுக்காரர் ஒவ்வொரு உருண்டையாக எடுத்து வைத்தார். மூட்டை காலியாகிவிட்டது. எதிர்த் தட்டில் நீ முழுசாக இருந்தாய், பழைய நீ, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற நீ. நான் கண்ணை மூடி, சாமி, அவள் பாக்கி தீர்ந்தது என்று சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது என் தட்டு தரையிலேயே இருந்தது.

அசையவில்லை. நீ போன பிறகு நான் உன்னைத் தாண்டிவிட்டிருக்கிறேன். "இன்னும் வைங்க" என்று யாரோ சொன்னார்கள். "இன்னும் வேணும், இன்னும்." உன் வீட்டுக்காரர் காலி மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றார். மடப்பள்ளியில் இருந்து வெல்லம் கொண்டுவரச் சொன்னார் குருக்கள். ஒன்று, இன்னொன்று, இன்னும் கொஞ்சம். மேலே வைத்ததெல்லாம் உன்னுடையது இல்லை. ஒருவழியாகத் தட்டு எழுந்தபோது பின்னால் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், "பாவம், மூச்சு வாங்குது பாரு." கேலிகூட இல்லை. அதுதான் என்னைத் தைத்தது.

இறங்கும்போது உன் வீட்டுக்காரர் கை கொடுத்தார். "அவ இருந்தா இதுக்கு ஒரு பேச்சு சொல்லிச் சிரிச்சிருப்பாக்கா" என்றார். என்ன சொல்லியிருப்பாய் என்று இரண்டு பேரும் யோசித்தோம். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை.

உன் பாக்கி தீர்ந்தது. அது எனக்கு நிம்மதிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இன்று காலை எழுந்தபோது இந்த உடம்பு வெறுமே என் உடம்பாக மட்டும் இருந்தது. யாருக்காகவும் வைத்திருக்கவில்லை. குறைக்கலாம், யாரும் தடுக்கவில்லை. அதற்கு நாள்தோறும் ஒருத்தி வாசலில் வந்து நின்று ஏந்துருக்கா என்று சொல்ல வேண்டும். சாமியிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் அதற்கெல்லாம் வருவதில்லை.

ஆனாலும் ஷூவை மாட்டிக்கொண்டு போனேன். உன் கேட்டைத் தாண்டும்போது வழக்கம்போல நின்றேன். திருப்பம் வரைக்கும் போனதும் முழங்கால் பிடித்துக்கொண்டது. மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். முதல் ஷிப்ட் பஸ் போனது. யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஜன்னலோரத்தில் எல்லோரும் தூங்கிக்கொண்டு போனார்கள். கை ஆட்டலாமா என்று ஒருகணம் தோன்றியது. ஆட்டவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இவ்வளவு எழுதி முடிப்பதற்குள் சேலைக்கு எறும்பு வந்துவிட்டது. வாசலில் கொண்டுபோய் உதறி, மறுபடி மடித்து, பீரோவில் உள்தட்டில் வைத்திருக்கிறேன். துவைக்கவில்லை.