சோழகத்தை வாடையாக்கிய சைன்

யூலை 8, செவ்வாய்

வெயில். வாசல் முழுக்கப் புழுதி. மின்விசிறி போட்டாலும் சுடுகாற்று.

காற்றுத்திசையைக் கணிக்கும் கணினி மாதிரி வேலை ஒருவழியாக முடிந்தது. கொக்கிளாய்க் களப்பில் மீன்பிடித் தொழில் செய்பவர்களுக்கு, மறுநாள் விடியற்காற்று எந்தப் பக்கமிருந்து என்று வட்ஸ்அப் குழுவில் சொல்வது. திசையைப் பாகையாகவே கொடுத்தால் கணினிக்கு 359உம் 1உம் எட்டாத தூரம். இரண்டுமே வடக்கு என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு திசையையும் சைன், கோசைன் என்று இரண்டு எண்ணாக்கிக் கொடுத்திருக்கிறேன். டென்சர் என்ற எண் அடுக்கு முழுவதற்கும் ஒரே வரி. உள்ளே இருக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே சைன் எடுத்து அதனதன் இடத்தில் வைத்துவிடுகிறது. பள்ளிக்கூடக் கரும்பலகையில் ஒவ்வொன்றாகப் போட்ட கை இது. களைப்பு மட்டும் அதே அளவு.

தம்பி யூட்டும் குழுவில். எனக்காக மற்றவர்களையும் சேர்த்துவிட்டவன் அவன்தான்.

நாளைக்கு வாடை என்று வந்தது. தென்மேற்குச் சோழகம் வீசும் காலத்தில் வடக்கிலிருந்து வாடையா? யோசித்தேன். பிறகு அனுப்பிவிட்டேன்.

தேயிலை, நுளம்புத்திரி வாங்க வேண்டும்.

யூலை 9, புதன்

யூட்டின் மனைவி ரெஜினா தொலைபேசியில்.

"மச்சாள், நான் சொன்னதெண்டு அவரிட்டைக் கேட்டுப்போடாதேங்கோ. வலை துலைஞ்சுபோச்சு. வாடை எண்டு நம்பிப் போட்டவர், சோழகம் இழுத்துக்கொண்டு போயிட்டுது."

"என்னட்டை ஒண்டும் சொல்லேல்லையே."

"எப்பிடிச் சொல்லுவார்? கரையிலை மீன்வாடியிலை எல்லாரும் பகிடி. யூட் அண்ணை, உங்கட அக்காவின்ர போனுக்குள்ளை தனிக் காத்து அடிக்குதோ எண்டு கேட்டவங்கள். இவர் சண்டைக்குப் போனவர். விடியப்புறம் வாடைதான் அடிச்சது, பிறகுதான் மாறினது, அக்கா சொன்னது சரி எண்டு நிக்கிறார்."

தேயிலை வாங்க மறந்தாயிற்று.

இன்று குழுவுக்கு ஒன்றும் அனுப்பவில்லை.

யூலை 10, வியாழன்

கண்டுபிடித்தேன். தென்மேற்கைக் குறிக்கும் 220 என்ற ஒரே எண்ணை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். சைன் −0.64 வரவேண்டும். வந்தது 0.09.

இந்த மென்பொருள் நூலகத்தின் சைன், கோணத்தைப் பாகையில் அல்ல, ஆரையனில் (ரேடியன்) கேட்கிறது. நான் பாகையை அப்படியே கொடுத்திருக்கிறேன். வெளியே எடுக்கும்போது மட்டும் ஒழுங்காக ஆரையனைப் பாகையாக்கியிருக்கிறேன். 220 உள்ளே போய் 5 ஆக வெளியே வருகிறது. சோழகம் போய் வாடை. ஒன்றும் விடாமல் எல்லா எண்ணுக்கும் இதே கதி. ஓர் எச்சரிக்கைகூட இல்லை. 220 ஆரையனும் ஒரு கோணம்தானே, அது ஏன் முறைப்பாடு செய்யப்போகிறது.

பாகையா ஆரையனா, முதலில் அதைப் பார் என்று எத்தனை பிள்ளைகளின் கணிப்பானைப் பிடுங்கியிருப்பேன்.

அலுவலகப் பொறுப்பாளர் தயாளன்: "திருத்திப்போட்டு விடுங்கோ அக்கா. கம்பியூட்டர் பிழை எண்டு ஒரு வரி போடுங்கோ. ஆர் கேக்கப்போறான்?"

மனம் வரவில்லை. குழுவில் போட்டேன்: செவ்வாய் அனுப்பிய வாடை பிழை. கணக்கில் பிழை விட்டது நான்.

கொஞ்ச நேரத்தில் யூட் தொலைபேசியில்.

"ஏனக்கா குறூப்பிலை போட்டனீ? எனக்கு முதல் சொல்லியிருக்கலாந்தானே. உனக்காகச் சத்தம் போட்டுக்கொண்டு நிண்டனான். இப்ப நான்தான் பொய்க்காரன்."

வைத்துவிட்டான். அவனிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று ஏன் எனக்குத் தோன்றவேயில்லை?

பின்னேரம் பார்த்தால், யூட் குழுவிலிருந்து விலகிவிட்டான்.

யூலை 11, வெள்ளி

தலையிடி. புழுதி. மாதிரியை மறுபடி பழக்கியாயிற்று. பழைய நாட்களைக் கொடுத்துப் பார்த்தேன். சோழகம் சோழகமாகவே வருகிறது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

நாளைக்குச் சோழகம், பலமாக. குழுவில் போட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். யாரோ ஒருவர் மட்டும் பகிடிக்குப் பட்டம் விடும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார்.

பொழுதுபடும் நேரம் ரெஜினா தொலைபேசியில்.

"மச்சாள், நாளைக்கு விடிய என்ன காத்து?"

"குறூப்பிலை போட்டிருக்கிறனே."

"நானெங்கை குறூப்பிலை? உவர்தான் கேக்கச் சொன்னவர். மாமாவின்ர வலையை இரவல் வாங்கி வைச்சிருக்கிறார். தான் கேட்டதெண்டு சொல்ல வேண்டாமாம்."

பின்னாலிருந்து யூட்டின் குரல்: "எடியே!"

மாதிரி சொன்னதை இன்னொரு முறை பார்த்தேன்.

"சோழகம் மச்சாள். பலமா அடிக்கும். எண்டாலும் வலை போட முதல் தானும் ஒருக்கா காத்தைப் பாக்கச் சொல்லுங்கோ."