வாய் திறக்காத கடல்கன்னி

ஜூலை 6, ஞாயிறு

வழக்கம்போல பவானிபூர். வழக்கம்போல 'மாட்டேன்'.

பழைய பாட்டு மெஷின்கள் சேர்க்கிற அனந்தகிருஷ்ணனைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில்கூடப் பார்த்ததில்லை. ரிட்டயர் ஆகும்வரை அங்கே நான் பார்த்ததெல்லாம் பிடிவாதக்காரர்கள்தான். பல வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் போன ஒரே ஏலத்தில் என் கடல்கன்னியை நான் எடுத்தேன். இசைத்தட்டு இல்லை, மெழுகு உருளை சுற்றும் ஃபோனோகிராஃப். அடியில் வார்ப்பிரும்பில் ஒரு கடல்கன்னி. கல்கத்தாவில் இன்னொன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. உதிரிச் சாமான் பெட்டியை அவர் எடுத்தார். அதற்குள் இருந்தது அவளுடைய சவுண்ட் பாக்ஸ் — ஊசியும் கண்ணாடிச் சவ்வும் வைத்த சின்ன வட்டம். அது இல்லாமல் அவள் ஊமை.

அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து காட்டுவார். தொட விடமாட்டார்.

"காமு மேடம், உங்க கடல்கன்னியை இங்க கொடுத்துடுங்கோளேன்."

யார் கொடுப்பது? காபி மட்டும் நன்றாக இருந்தது.

ஜூலை 19

மழை. உருளைகளில் பூஞ்சை பிடித்திருக்கிறது. நாள் முழுக்கத் துடைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

போகவில்லை. நானே ஏன் ஒவ்வொரு தடவையும் போய் நிற்க வேண்டும்? வேண்டுமானால் அவர் பாலிகஞ்சில் என் வீட்டுக்கு வரட்டுமே.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அவர் மருமகள் வைஷாலி ஃபோன் செய்தாள். ஸ்ட்ரோக். ஆஸ்பத்திரியில் இருக்கிறார். "ஏக்தொம்... சுத்தமா பேச்சே வரலை மாமி."

அன்றைக்குப் போயிருக்கலாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. தாடி முளைத்து, யாரோ மாதிரி இருந்தார்.

"நீங்க வர ஞாயித்துக்கிழமைன்னா அப்பா விடிகாலைலயே ஷேவ் பண்ணிண்டு ரெடியா இருப்பார் மாமி," என்றாள் வைஷாலி. மற்ற நாளெல்லாம் இப்படித்தான் இருப்பாரோ என்னமோ.

பெங்களூருக்கு அழைத்துப் போகப் போகிறார்களாம். மெஷின்களை மொத்தமாக ஒரு டீலரிடம் கொடுத்துவிடுவார்களாம். அலமாரியைத் திறந்துவிட்டு, "உங்களுக்கு வேணுங்கறதை எடுத்துக்கோங்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கையை நீட்டினேன். கட்டிலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்க அவருக்குக் கையும் இல்லை, வாயும் இல்லை.

அலமாரியை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25

எடுத்திருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். டீலர் கைக்குப் போய்விட்டால் அப்புறம் எங்கே தேடுவேன்? — ஆனால் அவர் கொடுக்காமல் எனக்கு எதற்கு அது?

செப்டம்பர் 7, ஞாயிறு

கடல்கன்னியைப் புடவையில் சுற்றி டாக்ஸியில் கொண்டுபோனேன். போகட்டும், அவர் வீட்டிலேயே பாடட்டும். ஒரு தடவையாவது அவர் கேட்கட்டும்.

மேஜையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டோம். சாவி கொடுத்தேன், உருளையை மாட்டினேன். வைஷாலி சவுண்ட் பாக்ஸை எடுத்துக் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அது என் கையில்.

பொருந்தவில்லை.

திருப்பிப் பார்த்தேன், என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கழுத்து பெரிசு. அது வேறு ஏதோ மெஷினுடையது. மெஷினைத் தொட்டுப் பழகியவர் யாருக்கும் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். அவருக்குத் தெரியாதா? வாங்கின அன்றைக்கே தெரிந்திருக்கும். அதனால்தானே என்னைத் தொட விடவில்லை!

"ஏன் சார்... இதுக்கா என்னை இத்தனை வருஷமா நடக்க வெச்சேள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? நான் வராம போயிடுவேனா?"

கேட்டபிறகுதான் யோசித்தேன். வராமல்தான் போயிருப்பேன். இங்கே வர வேறு என்ன சாக்கு இருந்தது எனக்கு?

அவருக்கு வாயின் இடது ஓரம் மட்டும் மேலே போயிற்று. சிரிக்கிறார் மனுஷர். எனக்கு அழுகைதான் வந்தது. வைஷாலி ஒன்றும் புரியாமல் காபி கொண்டுவந்தாள்.

கடல்கன்னியை அங்கேயே விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு, மஹாலயா

பெங்களூர் பயணம் இப்போதைக்கு இல்லையாம். டீலரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் போனபோது ஷேவ் செய்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் ஒரு கீறல். வைஷாலிக்கு அந்த வேலை இன்னும் பழகவில்லை.

வாசலிலேயே நின்று கேட்டேன்.

"சார், அந்த சவுண்ட் பாக்ஸைத் தரேளா?"

உதட்டைக் கோணிக்கொண்டு, மூச்சுப் பிடித்து, நேரமெடுத்துச் சொன்னார்.

"மா... மாட்டேன்."

சமையலறையிலிருந்து வைஷாலி ஓடிவந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.