அந்த வீடு யாருக்குப் போனது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ உடம்பும் மனசுமாகச் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்திருக்கிறேன். இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அம்மாவுக்கு முழங்கால் பழையபடி, எனக்கு வாய் பழையபடி. வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். போன ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துக்கொண்டே, அந்த ஆறு பாகத் தொடரில் கடைசியில் அந்தப் பெண்களுக்கு வீடு கிடைத்ததா இல்லையா என்று கேட்டாய். நான் அடுப்பில் டீ பொங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை பாப்பா. உன் கேள்விக்குப் பதில் வாயால் சொல்ல வராது என்று தெரிந்ததால் எழுதுகிறேன். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் படிக்காதே, உட்கார்ந்து படி.

சென்ற வருஷம் நீ வந்திருந்தபோது டிவியில் அந்தச் சந்தாவைக் கட்டிக் கொடுத்து, பழைய காலத்து பிரிட்டிஷ் நாவல்களை எல்லாம் தொடராக எடுத்து வைத்திருக்கிறார்கள், பாருங்கள் அப்பா, இதில் யாரும் கத்தவே மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து எங்கள் சாயங்காலம் மாறிப்போயிற்று என்று உனக்குத் தெரியும். நாலரை மணிக்கெல்லாம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பிளாஸ்க்கில் டீயும் தட்டில் பிஸ்கட்டுமாக உட்கார்ந்துவிடுவோம். படத்துக்குக் கீழே வசனம் எழுத்தாக ஓடுகிற வேகத்துக்கு அம்மாவால் படிக்க முடியாது, அதனால் நான் நிறுத்தி நிறுத்திப் படித்துச் சொல்ல வேண்டும், ஒரு மணி நேரத் தொடர் எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். இவர்களுக்கு வேலை வெட்டியே கிடையாதா, எந்நேரமும் நடந்துகொண்டே இருக்கிறார்களே என்பாள். ஆனால் அந்த உயரமான ஆள் வண்டியில் ஏறுகிற பெண்ணுக்கு ஒரு விநாடி கை கொடுத்தான் பார், அதற்கு அம்மா டீயில் முக்கின பிஸ்கட்டை முக்கினபடியே கரைய விட்டுவிட்டாள். ஆட்களின் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் தொப்பிக்காரி, மூக்கன், இருமல் மாமா என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். முப்பத்து நாலு வருஷம் சர்வே ஆபீசில் வரைபடம் போட்ட கை சும்மா இருக்குமா, நீ கேட்ட அந்தத் தொடரில் வருகிற பெரிய வீட்டுக்கு நான் கட்டம் போட்ட தாளில் ஒரு பிளானே வரைந்தேன். மாடிப்படி வெளியிலிருந்து பார்த்தால் இடது பக்கம், உள்ளே போனால் வலது பக்கம், இரண்டு வீட்டில் படம் எடுத்துவிட்டு ஒரே வீடு என்று ஏமாற்றுகிறார்கள் என்று நான் கண்டுபிடித்துச் சொன்னேன். பெண்களின் அறை எது என்று அம்மா கேட்டாள், தோட்டத்தைப் பார்த்த மூலை அறை என்று பென்சிலால் காட்டினேன். அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் பாகத்தில்தான் வந்தது வினை. அந்த வீட்டு அப்பன் செத்துப்போகிறான், வக்கீல் வந்து உயிலைப் படிக்கிறான், மூன்று பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், வீடு மொத்தமும் அப்பனுடைய அண்ணன் மகனுக்கு. பெண்கள் ஆளுக்கொரு பெட்டியோடு கிளம்ப வேண்டியதுதான். எனக்கு வந்ததே ஒரு கோபம், பிளாஸ்க் மூடியை டீப்பாயில் ஓங்கி வைத்தேன். “பெத்த பொண்ணுங்களை வெளிய அனுப்பிட்டு எவனுக்கோ வீட்டைக் குடுக்கறானே, இவனெல்லாம் ஒரு அப்பனா?” என்று டிவியைப் பார்த்துச் சத்தம் போட்டேன். சொல்லி வாய் மூடவில்லை, எனக்கே உறைத்துவிட்டது, திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்துவிட்டேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்களுடைய அம்மா ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், தலை நிமிராமல் துணியில் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள், இவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போனவள்தான். அன்றிலிருந்து டிவி முன்னால் உட்காருவதில்லை. நாலரைக்கு நான் கூப்பிட்டால் தலை வலிக்கிறது, துணி மடிக்க வேண்டும் என்று ஏதாவது சொல்கிறாள். என் மேல் இருக்கிற கோபம், வேறென்ன.

நான் சொல்ல வேண்டியதை இனியும் மென்று முழுங்கிக்கொண்டிருக்க முடியாது. நம் வீட்டை இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே உன் அண்ணன் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டேன் பாப்பா. மொத்தத்தையும், உன் அறையையும் சேர்த்து. அவன் கேட்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன், நானாகத்தான் செய்தேன். அப்பா செத்த பிறகு ஒரு சாண் சுவருக்காகக் கூடப் பிறந்தவர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வதை எத்தனை வீட்டு வாசலில் அளவுச் சங்கிலியும் கையுமாக நின்று பார்த்திருக்கிறேன், என் பிள்ளைகள் அப்படி நிற்கக் கூடாது, நான் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பெண்ணுக்குப் பங்கு வேண்டாமா என்று பத்திரம் எழுதுகிறவர் கேட்டார். அவளுக்கு எதற்கு, அவள்தான் அங்கே செட்டில் ஆகிவிட்டாளே என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு எழுதினார். பத்திரத்தோடு வைக்கிற வரைபடத்தையும் நானே போட்டேன், ஊரார் பாகத்துக்கெல்லாம் அங்குலம் பார்த்துக் கோடு போட்ட கை, சொந்தப் பெண்ணுக்கு ஒரு கோடு போடவில்லை.

இதில் உன் அம்மா மேல் நீ கோபப்படக் கூடாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாட்சிக் கையெழுத்தில் ஒன்று அவளுடையது. சாட்சிக்கு வருவதாகச் சொன்ன ஆபீஸ் நண்பர் வரவில்லை, அப்படியே பல் டாக்டரிடம் போக வேண்டும் என்று அம்மா பத்திர ஆபீசுக்கு என்னோடு வந்திருந்தாள். வீட்டு வரி பெயர் மாற்றம், ஒரு கையெழுத்துப் போடு என்றேன். கண்ணாடி எடுத்து வரவில்லையே என்றாள். பரவாயில்லை என்று பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் காட்டிவிட்டு நகல் எடுக்கிற வரிசையில் போய் நின்றேன், அரை மணி கழித்து வருவதற்குள் புள்ளி வைத்த இடத்தில் போட்டு வைத்திருந்தாள். அவளுக்கு அது என்ன காகிதம் என்றே தெரியாது. பிறகு எப்படித் தெரிந்தது, உன் அண்ணன் சொன்னானா என்பதெல்லாம் நான் கேட்கவில்லை, கேட்கிற தைரியம் இல்லை.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. சென்ற வருஷம் வந்தபோது நீ சொன்னாய், வேலை ஒப்பந்தம் அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் முடிகிறது, அதற்கு மேல் அங்கே தனியாக இருக்க முடியாது, என் ரூமுக்கே வந்துவிடுகிறேன் அப்பா, மாடிப்படிப் பக்கம் தனியாக ஒரு கதவு வைக்க முடியுமா என்று கேட்டாய். நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டேப்பை எடுத்து வந்தேன், ஒரு முனையை நீ பிடித்தாய், மறுமுனையை நான் பிடித்தேன், இரண்டடி ஒன்பது அங்குலம் தாராளமாக வரும் என்று சொன்னேன். நீ அதை உன் போனில் குறித்துக்கொண்டாய். எனக்குச் சொந்தமில்லாத சுவரை உனக்கு அளந்து காட்டினேன்.

இரண்டாம் பாகம் பார்த்த மறுநாளே பத்திரம் எழுதுகிறவரிடம் போய், ரத்து செய்ய வழி உண்டா என்று கேட்டேன். கொடுத்தது கொடுத்ததுதான் சார், வாங்கினவராகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால்தான் உண்டு என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். உன் அண்ணனிடம் கேட்டேன். அப்போது அவன் குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். நிமிராமலே, “அவளுக்கு எதுக்குப்பா? அவதான் அங்க செட்டில் ஆயிட்டாளே” என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் சொன்ன அதே வார்த்தை, ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. நீ திரும்பி வரப்போவதைச் சொன்னேன். வரட்டும், ஒரு மாதம் தாராளமாக இருக்கட்டும் என்றான். அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் அவன், எனக்கு மாத்திரை பிரித்து வைக்கிறவள் அவன் மனைவி, யாரைத் திட்டுவது. உன் அறையில் இப்போது நடக்கிற மெஷின் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார்கள். உன் புத்தக அலமாரி மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது, நான் தினமும் துடைக்கிறேன், அது ஒன்றுதான் என் கையில் இருக்கிறது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். மிச்ச நாலு பாகத்தையும் நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பெண்களுக்கு வீடு கிடைத்துவிட்டது பாப்பா. எப்படியென்றால், ஆறாம் பாகத்தில் அந்த அண்ணன் மகன் குதிரையிலிருந்து விழுந்து செத்துப்போகிறான். நான் கை தட்டிவிட்டேன். தட்டின கை தட்டினபடி நின்றது, நம் வீட்டில் அந்த இடத்தில் இருப்பது யார் என்று நினைவு வந்து டிவியை அணைத்துவிட்டேன். உன் அண்ணன் நூறு வயது இருக்கட்டும். கதை எழுதினவனுக்கு ஒரு குதிரை போதும், எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் நீ சரி என்று சொல்லிவிடுவாய், நீ அப்படிப்பட்டவள், அதனால் அதைக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. எழுபத்திரண்டு வயதில் பெற்ற பெண்ணுக்கு ஒரு கதவு வைத்துக் கொடுக்க முடியாதவனாக உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கே இருந்தாலும் நீ நிம்மதியாக இருக்க வேண்டும், உன் தலைக்கு மேல் எப்போதும் ஒரு கூரை இருக்க வேண்டும், இந்த ஆசீர்வாதம் ஒன்றுக்குத்தான் எனக்கு இன்னும் உரிமை இருக்கிறது. இருமலை அலட்சியப்படுத்தாதே. அந்தச் சந்தாவை நிறுத்திவிடாதே, அம்மா என்றைக்காவது வந்து உட்காருவாள் என்று இரண்டாம் பாகத்தை அவள் எழுந்து போன இடத்துக்கே திருப்பி நிறுத்தி வைத்திருக்கிறேன். கோபம் வந்தால் போனில் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. வழக்கம்போல அம்மாவுக்கு அடியில் நாலு வரி இடம் விட்டிருக்கிறேன். படித்துப் பார் என்று கொடுக்கப் போகிறேன், எழுதுவாளோ என்னவோ.

இப்படிக்கு,
உன் அப்பா

பாப்பா, அம்மா எழுதுகிறேன். எல்லாவற்றையும் படித்தேன். கண்ணாடி அன்றைக்கு என் கைப்பையில்தான் இருந்தது. அவர் வரிசையில் நின்ற நேரத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.