நூறுக்கு எத்தனை காய்?

மாப்ளே,

கம்ப்யூட்டர் மேசையில், கீபோர்டுக்குப் பக்கத்தில், உரித்த தேங்காய் ஒன்று குடுமியோடு உட்கார்ந்திருக்கிறது. காலையில் மண்டியைத் திறந்ததும் அதன் நார் வாசனைதான் முதலில் மூக்கில் ஏறுகிறது. உடனே நீ வந்துவிடுகிறாய், குத்துக்காலிட்டு உட்கார்ந்து கைக்கு இரண்டாகக் காய் எண்ணிக்கொண்டு.

நூறு எண்ணியதும் இன்னொரு காயைத் தனியாக எடுத்து வைப்பாய். எத்தனை நூறு போயிற்று என்பதற்கு அது அடையாளம். "பள்ளிக்கூடம் ஒழுங்காப் போயிருந்தா இந்தக் காய்க்கு வேலையே இல்லை மாப்ளே" என்று சீண்டுவேன். "நீ மட்டும் கலெக்டருக்கா படிச்சே மச்சான்? மூணாங்கிளாஸ்ல என் பின்னாலயே ஓடியாந்தவந்தானே?" என்பாய். எண்ணி முடிந்ததும் அந்த அடையாளக் காய்களும் வாங்குகிறவருக்கே. "கணக்குக்கு நின்ன காய் மச்சான். நின்னது போதும், வண்டி ஏத்து." லாரி மேல் வீசுகிறவன் நான்தான். இருபது வருடம் வீசினேன்.

ஆடியில் நீ கண்ணை மூடியபிறகு, எண்ணுகிற இடத்தில் உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, வந்து உட்கார்ந்தது. உன்னைப் பார்த்தே பழகிய கை. உன்னைவிட வேகம், கோபித்துக்கொள்ளாதே.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் பில் போடுகிற சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கி மாட்டினாள். இத்தனை நூறு விற்றது என்று பதிந்தால் போதும், இருப்பிலிருந்து காயை அதுவே கழித்துக்கொள்ளுமாம்.

"அப்பா, ஒரு நூறுக்கு எத்தனை காய்னு போடட்டும்?"

"நல்லாக் கேட்டே போ. இதுக்கா உன்னைக் காலேஜுக்கு அனுப்புனேன்? நூறுக்கு நூறுதான்!"

மண்டியே சிரித்தது. நானும் பெருமையாகச் சிரித்தேன்.

அன்றிலிருந்து இருப்பு உதைத்தது. கணக்கு நோட்டு இருந்த காலத்தில் குவியலைக் கண்ணால் பார்த்துச் சரி என்போம். இப்போது வரவில் ஒவ்வொரு காயும் ஏறுகிறது. வாரக் கடைசியில் எண்ணினால் கம்ப்யூட்டர் சொல்வதைவிடக் குவியலில் குறைகிறது. தொடர்ந்து மூன்று வாரம் குறைந்தது.

"அத்தை எண்றதுலதான் எங்கயோ போகுதுங்கப்பா." மகள் மெதுவாகத்தான் சொன்னாள். தங்கச்சி காதில் விழுந்துவிட்டது. எழுந்து வந்து தன் வயர் கூடையை மேசைமேல் கவிழ்த்தது. சோறு கொண்டுவரும் தூக்குப்போசி, ஒரு தண்ணீர் பாட்டில்.

"நல்லாப் பாத்துக்க சாமி. அண்ணா, நாளைக்கிருந்து நான் வரலீங்க."

தூக்குப்போசியை எடுத்து நான் கூடையில் வைப்பதற்குள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. உன் வீட்டு அடுப்பு அந்தக் கூலியில்தான் எரிகிறது. அதைவிட, நீ எண்ணிய இருபது வருடத்தையும் அந்தக் கூடையோடு சேர்த்துக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் ஐயாயிரம் காய் லோடு. நானே எண்ணினேன், உன் மாதிரியே அடையாளம் வைத்து. முடித்துவிட்டு அடையாளக் காய்களை வழக்கம்போல லாரி மேல் வீசிக்கொண்டிருந்தேன். பாதியில் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. மேலே போன காயெல்லாம் எந்தப் பில்லில் இருக்கிறது?

நூறுக்கு ஒன்று. ஐயாயிரத்துக்கு ஐம்பது. உள்ளே ஓடினேன்.

"இப்பக் கேளு சாமி, நூறுக்கு எத்தனை காய்?"

"நூறுதானுங்களேப்பா? காலேஜுக்கெல்லாம் அனுப்புனீங்களே!"

"நூத்தியொண்ணு. போடு."

பில்லுக்கு நூறு, இருப்பில் கழிய நூற்றொன்று என்று செட்டிங்கை மாற்றினாள். பழைய பில்களையும் திருத்தினாள். சாயங்காலம் குவியலை எண்ணினோம். வித்தியாசம் என்ற கட்டத்தில் சைபர். அப்பாடா, மாப்ளே! இவள் பிறந்த அன்றுகூட நான் அப்படி மூச்சு விட்டிருக்கமாட்டேன்.

இரண்டு பேரும் உன் வீட்டுக்கு ஓடினோம். மகள் போன வேகத்தில் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா நெனச்சுட்டேனுங்க அத்தை."

"அம்மிணி, திருடன் சிக்கிட்டான்" என்றேன். "என் ஊட்டுலயேதான் இருக்கான். மூணு வேளையும் நல்லாத் திங்கறான்." காய் போன கதையைச் சொன்னேன்.

"ஏனுங்கண்ணா, இருவது வருசமா நீங்கதானுங்க வீசுனீங்க?"

"கை வீசுச்சு அம்மிணி. தலைக்குச் சொல்லலை."

நீ போனபிறகு அது சிரித்து அன்றுதான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சிரித்தது. "அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிகிட்ட ஒரு அடையாளக் காய் வெச்சாத்தான் வருவேனுங்க. இல்லீனா மறுக்கா மறந்துருவீங்க" என்றது.

மறுநாள், முதல் நூறு முடிந்ததும் தங்கச்சி எடுத்து நீட்டிய காய்தான் இது.

வெளியே இப்போது தங்கச்சி லோடு எண்ணுகிற குரல் கேட்கிறது. இன்னும் சற்று நேரத்தில் நான் வீசப் போகவேண்டும். "நின்னது போதும், ஏறு" என்று ஒவ்வொரு காய்க்கும் உன் மாதிரியே சொல்லித்தான் வீசுகிறேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று டிரைவர் சொல்கிறார். சொல்லட்டும். மேசைமேல் இருக்கிற இந்த ஒன்றை மட்டும் ஏற்றமாட்டேன்.

இது நிற்கட்டும், மாப்ளே.