கொசுப்புழுவின் மூச்சு

என் ராசா, என் தம்பி வேலுவுக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உன்மேல் இருக்கும் கோபம் இன்னும் குறையவில்லை. யாரிடம் சொல்வது? அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

மலைமேல் குண்டூர் நாட்டில் நீ நடத்திய பள்ளிக்கூடத்துக்கு இப்போது நான்தான் ஆசிரியை. நான் மலையேறப் போவது தெரிந்ததும் முள்ளுக்குறிச்சியில் அம்மா வாசலை மறித்தாள். "ஒருத்தன மலைக்காச்சலுக்குக் குடுத்தது பத்தாதா சாமி?" என்று அழுதாள். நானும் பயிற்சி முடித்தவள்தானே, சமாளித்துவிடலாம் என்று வந்தேன்.

உன் பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "வாத்தியாரு ஆட்டு நொரையீரல ஊதிக் காட்டுவாருங்க" என்றாள் செல்லாயி. மறுவாரம் கோயிலில் கிடா வெட்டியபோது கேட்டு வாங்கி, இலையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். அதன் குழாயில் பப்பாளித் தண்டைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். அது புஸ்ஸென்று உப்பி எழுந்ததும் பிள்ளைகள் தங்கள் விலாவில் கைவைத்துப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்தா பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரவேண்டும்? "ஏம்மா, இது பள்ளிக்கூடமா, கறிக்கடையா?" என்றார். பாடப்புத்தகத்தைத் தாண்டக் கூடாது என்று பார்வைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். உனக்கும் இரண்டு முறை அதையே எழுதியிருக்கிறார். எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

மழை பிடித்தது. ஊரில் காய்ச்சலும் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் குட்டையிலிருந்து கொசுப்புழுக்களை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துவந்தோம். அவை உள்ளே போவதும் மேலே வருவதுமாக இருந்தன.

"இதுக்கு நொரையீரல் எங்கீங்க?" என்று கேட்டாள் செல்லாயி.

எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தோடு நீ விட்டுப்போன நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'நுரையீரல் கிடையாது. வால்பக்கத்துத் துளையால் மூச்சு வாங்கும். அதற்காகத்தான் மேலே வருகிறது' என்று எழுதியிருந்தாய். பாட்டிலில் நான்கு சொட்டுச் சீமெண்ணெய் விட்டேன். மேலே வந்த புழுக்களுக்கு மூச்சு கிடைக்கவில்லை. நெளிந்தன, துடித்தன, பிறகு ஒவ்வொன்றாக அடங்கின. பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறிக் கத்தினார்கள்.

அந்த வேகத்தில் ஊர்க்கவுண்டரிடம் போனேன். எல்லாக் குட்டைகளிலும் எண்ணெய் விடலாம், காய்ச்சல் குறையும் என்றேன்.

"ஏனுங்க வாத்தியாரம்மா, இந்தச் சீமைச் சண்டக் காலத்துல வெளக்குக்கே சீமெண்ணெ இல்லீங்க. அதைக் கொண்டுபோயிக் குட்டையில ஊத்தச் சொல்றீங்களே? இதையெல்லாம் சொல்லிக்குடுத்த வாத்தியாரே காச்சல்லதானுங்களே போனாரு?"

அவர் கேட்டது சரிதானே, வேலு? ஊருக்கெல்லாம் கொசுவைப் பற்றிப் பாடம் எடுத்தவனின் கட்டிலில் ஒரு வலை இல்லை. அம்மா தைத்துக் கொடுத்த வலை எங்கே போனது? வந்த நாளிலிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் செல்லாயி வீட்டில் பார்த்தேன். அவள் அம்மா பிள்ளை பெற்றிருந்தபோது நீ கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தாயாம். "வேண்டாம்னு சொன்னேனுங்க, கேக்கல" என்றாள் அந்தத் தாய். அந்தக் குழந்தை இப்போது தவழ்ந்து வந்து என் காலைப் பிடிக்கிறது. இன்னொரு வலைக்கு எனக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கக் கூடாதா? நான் தைத்து அனுப்பியிருக்க மாட்டேனா?

பள்ளிக்கூடக் குட்டைக்கு மட்டும் கவுண்டர் சம்மதித்தார். அதுவும் என் வீட்டு எண்ணெயில். மற்றக் குட்டைகளில் புழு மண்டிக்கிடக்கிறது. இந்த வாரமும் நான்கு பிள்ளைகள் வரவில்லை. ஒரு குட்டையால் என்ன ஆகிவிடும்?

நேற்று செல்லாயியின் அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். "அந்தப் புழுவ எனக்கும் காட்டுங்க வாத்தியாரம்மா. என்ற ஊட்டுக்காரரு நம்ப மாட்டேங்கறாரு, நானாச்சும் பாக்கறேன்" என்றாள். காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். நாளைக்கு இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டி வருகிறாளாம்.

அவர்களுக்கும் காட்டுவேன். ஒவ்வொரு குட்டையாகக் கேட்டு வாங்குவேன். நான் வலைக்குள்தான் படுக்கிறேன், இனியும் அப்படித்தான். இந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு வாத்தியார் சாகக் கூடாது.

உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்த,
அக்கா